மிளிக்கன் எதைப் பிசட்டினான்?

சென்ற மாதம் கரையான்சாவடியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை என்னைப் பார்க்க வந்தார். கையில் போன். பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால், நிமிடத்துக்கு எத்தனை சொல் படிக்கிறது என்று அதுவே சொல்லிவிடுமாம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். எங்கள் காலத்திலும் இருந்தது, அதற்கு ஏகாம்பரம் என்று பெயர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலையில் சேர்ந்தது 1967 ஜூன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் கழிந்தன. அங்கே கற்றவற்றில் இன்று நினைவிலிருப்பவை இரண்டு. சாக்பீஸைப் பாதியாக உடைத்து எழுதினால் கிறீச்சிடாது. கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். இந்த இரண்டோடு கரையான்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருந்த ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகப் போய் நின்றேன். அன்று முதல் ஓய்வு பெறும் நாள் வரை டைரி எழுதியிருக்கிறேன். கீழே வருவதெல்லாம் அதிலிருந்து சரிபார்த்தவை.

ஏகாம்பரம் அய்யா எங்கள் தலைமையாசிரியர். சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம், இடுப்பில் சாவிக்கொத்து. திங்கட்கிழமை தோறும் வகுப்புக்கு வருவார். ஒரு பிள்ளையை எழுப்பி, கடிகாரத்தைப் பார்த்தபடி "ம்!" என்பார். பிள்ளை ஒரே மூச்சில் படிக்கும். ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி "ம்!" அத்தனை சொற்களையும் எண்ணித் தாழ்வாரச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். எங்கள் வகுப்புத் தலைவன் தேவராஜின் எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டிய நாளில் பள்ளிக்கே மிட்டாய் கொடுத்தார். என்ன படித்தான் என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

அய்யாவிடம் இன்னொரு குணம். 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. உயரப் பறக்கும் விமானம் ஏன் வெள்ளைக் கோடு போடுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டபோது, கொஞ்சமும் தயங்காமல் "திரும்பி வரச்சே வழி தெரியணும்ல" என்றார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "டீச்சரம்மா, வாத்தியார் தெரியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் புள்ளைங்க நம்மள மதிக்காது. ஏதாவது ஒண்ணு சொல்லிடணும்."

பள்ளியில் ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன. அதன் சாவி அய்யாவின் இடுப்பில். நான் கேட்கும்போதெல்லாம் "படிச்சா கிழிஞ்சிடும் டீச்சரம்மா" என்பார். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் பீரோ திறக்கும். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, பக்கத்தையும் அவரே விரித்து வைப்பார். பக்கத்தைப் புரட்டக் கூடாது என்பது உத்தரவு. ஆய்வாளர் கிளம்பியதும் எண்ணி வாங்கிப் பூட்டிவிடுவார்.

ஆகவே நான் பூந்தமல்லி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் சிறுவர் பத்திரிகைகளை எடைக்கு வாங்கினேன். பாதிக்கு அட்டை இருக்காது, பாதிக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அவற்றைப் படித்துக் காட்டுவேன். குழந்தை இலக்கியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அந்தப் பீரியடில்தான் கற்றுக்கொண்டேன். கதை முடிந்து நீதி தொடங்கும் இடம் பிள்ளைகளுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். உடனே பைகளைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். ராஜா கதை என்றால் நாற்பது பேரும் கேட்பார்கள், ஆனால் நம்புவதில்லை. அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தேவராஜ் ஒரு நாள் கேட்டான்: "அந்த ராஜாவுக்கு எந்த ஷிப்ட்டு டீச்சர்? எப்பப் பாரு ஊட்லயே கீறாரு."

கடைசிப் பக்கம் இல்லாத கதைகள்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தன. முடிவை அவர்களே சொல்ல வேண்டும். அதற்குக் கதையைக் கவனித்திருக்க வேண்டும். இதில் எப்போதும் முன்னால் நின்றவள் மும்தாஜ். பேசும் கிளியைப் பற்றிய கதை ஒன்றைப் பாதியில் நிறுத்தி, முடிவு என்ன என்று கேட்டேன். அவள் எழுந்து, "முடிவு கெடக்கட்டும் டீச்சர். அந்தக் கிளிக்கு மொதமொதல்ல பேச கத்துக் குடுத்தது யாரு? அத்த சொல்லவே இல்லியே" என்றாள். ஆசிரியர் அதை எழுதவே இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மும்தாஜின் அத்தா காதர் பாய் பெரிய ரோட்டில் தகரப் பட்டறை வைத்திருந்தார். பழைய எண்ணெய் டின்களை வெட்டி விரித்து வாளியும் முறமும் செய்வார். அவர் வீட்டு வாளிகளில், டின்மேல் அச்சிட்டிருந்த விளம்பரத்தில் பாதி வாக்கியம் வெளியே இருக்கும், மீதி மடிப்புக்குள் போயிருக்கும். எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாள் முதல் அந்தப் பெண் பாதி வாக்கியங்களையே படித்து, மீதி எங்கே என்று கேட்டு வளர்ந்தவள். தேர்விலும் அதைத்தான் செய்தாள். "பத்தியைப் படித்து விடை எழுதுக" என்றால், அவள் தாளில் விடை இருக்காது, அவளுடைய கேள்விகள் இருக்கும். கேள்விக்கு மார்க் கிடையாது. நான் சேரும் முன்பே ஐந்தாம் வகுப்பில் ஒரு முறை தேறாமல் நின்றவள். என் வகுப்பில் இருந்தது இரண்டாவது முறை.

1968 ஜனவரியில் நான் பட்டறைக்குப் போய் அவளைப் பற்றிப் பேசினேன். காதர் பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ஒரு தபா பெயிலு, சரின்னு உட்டேன். இந்த வருசமும் பெயிலுன்னா நிறுத்திக்கிறேன். ஊட்ல அவங்கம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல. பாஸ் பண்ணிக்கினு வந்தா நானே கைய புடிச்சி இஸ்துக்கினு போய் பெரிய ஸ்கூல்ல சேக்குறேன். நான் ஒரே பேச்சு."

தேர்ச்சிப் பட்டியலுக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த வகுப்பில் மற்றவர்கள் எப்படித்தான் முழு மார்க் வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். படகு கவிழ்ந்து சரக்கை இழந்த வணிகனைப் பற்றி ஒரு பத்தி. 'வணிகன் ஏன் அழுதான்?' என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு எழுதியிருந்த விடை: 'வணிகன் கரையில் உட்கார்ந்து அழுதான்.' தேவராஜைக் கூப்பிட்டு இதை எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"சுளுவு டீச்சர். கேள்வில கீற வார்த்தய பாராவுல தேடணும். கெடச்சுதுன்னா அந்த வரிய அப்டியே இஸ்து எழுதிடணும்."

"பத்தி புரிய வேண்டாமா?"

"அதுக்குப் பூந்தா டைம் ஆயிடும் டீச்சர்."

எனக்குச் சுரீர் என்றது. உண்மையிலேயே எதுவும் புரியாமல் விடை எழுத முடியுமா என்று பார்த்துவிட முடிவு செய்தேன். பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே முக்காலுக்குக் கரும்பலகையில் என் நல்ல கையெழுத்தில் இப்படி எழுதினேன்:

'மிளிக்கன் காலையில் எழுந்து தொவரணையைப் பிசட்டினான். தொவரணை நன்றாகக் கெழுவியதால் அவன் வெளியூர் போனான். அங்கே இருந்த உலிப்புகள் அவனைக் கண்டு நுழுவின. மாலையில் மிளிக்கன் இரண்டு சாவிட்டைகளுடன் வீடு திரும்பினான்.'

கீழே நான்கு கேள்விகள். எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் 'அழிக்காதீர்கள்' என்று எழுதிவிட்டுப் போனேன்.

மறுநாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த துணை ஆய்வாளர் புதன்கிழமையே வந்துவிட்டார். (வியாழன் என்று தேவராஜ் இன்றும் சாதிக்கிறான். அவனிடம் டைரி கிடையாது.) பிரார்த்தனை முடிந்து நான் உள்ளே நுழையும்போது ஆய்வாளர் என் கரும்பலகை முன் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அய்யா. பீரோவைத் திறக்கக்கூட நேரம் இருக்கவில்லை. சாவிக்கொத்தைப் பிடித்தபடி வியர்த்துப்போய் நின்றார்.

துணை ஆய்வாளர் தமிழ்ப் பற்று மிகுந்தவர். மேடையில் பேசுவது போலத்தான் டீயும் கேட்பார். அந்த ஆண்டுகளில் பாடநூல்களில் மாதந்தோறும் புதிய கலைச்சொற்கள் வந்துகொண்டிருந்தன. நேற்றுவரை ஒரு பெயரில் இருந்த பொருள் இன்று வேறு பெயரில் இருக்கும். எந்தச் சொல்லையும் தெரியாது என்று சொல்ல எல்லோருக்கும் பயம். ஆய்வாளர் பத்தியை இரண்டு முறை படித்தார்.

"தொவரணை" என்றார் மெல்ல. "நல்ல சொல். புதிதாக வந்துள்ளதோ?"

"ஆமாங்கய்யா, இப்பதான் வந்துது" என்றார் அய்யா. "தறியில் பூட்டும் ஒரு மரச்சட்டம்."

"அறிவேன், அறிவேன். எங்கள் ஊரில் பழைய வீடுகளில் தொவரணை இருக்கும். சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன்."

நான் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் மூடினேன். என் தகுதிகாண் காலம் முடிய அப்போது நான்கு மாதம் இருந்தது. இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆய்வாளர் கேள்வி கேட்கத் தொடங்கினார். இங்கே எங்கள் பள்ளியின் ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வு நாளில் எந்தக் கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆய்வாளர் யாரை எழுப்பலாம் என்று பார்க்கும்போது அய்யா வலது கைகளின் பக்கமாகத் தலையசைப்பார்.

"மிளிக்கன் எதைப் பிசட்டினான்?"

அன்று பார்த்த இடமெல்லாம் வலது கை. தேவராஜ் எழுந்து "மிளிக்கன் தொவரணையைப் பிசட்டினான் அய்யா" என்றான். அவன் ஏன் வெளியூர் போனான்? தொவரணை நன்றாகக் கெழுவியதால். அவனைக் கண்டு நுழுவியவை எவை? உலிப்புகள். எத்தனை சாவிட்டைகள்? இரண்டு. ஒருவரும் தடுமாறவில்லை. ஆய்வாளர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் கரும்பலகைத் துடைப்பானை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வாளரும் ஒரு காலத்தில் தலைமையாசிரியராக இருந்தவர்தான். கைகளின் கணக்கு அவருக்கும் தெரியும். கடைசி வரிசையில் தனியாக நின்ற ஓர் இடது கையைப் பார்த்துவிட்டார்.

"நீ எழு. பெயர்?"

"மும்தாஜுங்க சார்."

"மிளிக்கன் எதைப் பிசட்டினான்?"

"தெரியலீங்க சார்."

"கரும்பலகையில் இருக்கிறதே, அம்மா. பார்த்துச் சொல்."

"பாத்துட்டேன் சார். தொவரணன்னு போட்டுக்கீது. ஆனா அது இன்னான்னு தெரியாம, பிசட்றதுன்னா இன்னான்னும் தெரியாம, எப்டி சார் சொல்றது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தேவராஜ் திரும்பி, "பாத்து சொல்லக்கூட தெர்ல" என்றான். ஆய்வாளர் அய்யாவைப் பார்த்தார். "போன வருஷமே தேறாத பொண்ணுங்கய்யா. பட்டறைக்காரர் பொண்ணு" என்றார் அய்யா, தாழ்ந்த குரலில். "இன்னும் ஓராண்டு இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அறைக்குப் போனார்.

மும்தாஜ் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தொவரணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தலைமையாசிரியர் அறைக்குள் போனபோது மேசையில் டீயும் பிஸ்கட்டும். ஆய்வாளர் பார்வைப் பதிவேட்டில் எழுதி முடித்து மை உறிஞ்சும் தாளால் ஒற்றிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு வரி: 'ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி தவிர அனைவரும் பத்தியை நன்கு புரிந்துகொண்டனர். அம்மாணவி ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தப்பட வேண்டும்.' அந்தப் பதிவேட்டில் பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும். கிழிக்கக் கூடாது, சுரண்டி அழிக்கக் கூடாது. அடித்துத் திருத்த எழுதியவரால் மட்டுமே முடியும், அதுவும் சுருக்கொப்பத்தோடு.

"அய்யா, அந்தப் பத்திக்கு அர்த்தம் கிடையாது" என்றேன்.

 ஏகாம்பரம் அய்யா, "டீச்சரம்மா அடக்கமா சொல்றாங்க" என்றார்.

"அர்த்தம் இல்லையா, ஆழ்ந்த அர்த்தம் இல்லையா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"எந்த அர்த்தமும் இல்லீங்க அய்யா. நேத்து மூணே முக்காலுக்கு நானா எழுதினது. அதுல இருக்கிற எந்தச் சொல்லும் கிடையாது. புரியாமலே பிள்ளைகள் விடை சொல்றாங்களான்னு பார்க்கத்தான் எழுதினேன். புரியலன்னு சொன்னது அந்தப் பெண் ஒருத்திதான். அவளை நிறுத்தினா அவங்க அத்தா பள்ளிக்கூடத்தை விட்டே எடுத்துடுவார்."

"தொவரணை..." என்றார் அய்யா.

"கிடையாதுங்க."

"தறியில..."

"தறியிலயும் கிடையாதுங்க."

ஆய்வாளர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்தது. என் வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "எங்க ஊர்ல பாத்தேன்னு வேற சொல்லித் தொலைச்சேனே" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சுத் தமிழ் அதுதான். எழுந்து என் வகுப்புக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

"மும்தாஜ், உன் கேள்வியை மறுபடி கேள் அம்மா."

"தொவரணன்னா இன்னா சார்?"

"எனக்குத் தெரியாது."

 மும்தாஜ் அய்யா பக்கம் திரும்பினாள். "பெரிய சார், உங்களுக்கு?"

அய்யா கடிகாரத்தை எடுத்தார். பார்த்தார். பைக்குள் போட்டார். முப்பது ஆண்டுப் பணியில் அவர் வாய்க்கு வந்து பழகாத சொல் அது. "தெ..." என்றார். தொண்டையைக் கனைத்தார். "தெரியாது" என்றார். பள்ளிக் கூரை அப்படியேதான் இருந்தது.

"நான்தான் எழுதினேன், எனக்கும் தெரியாது" என்றேன் நான்.

தேவராஜ் எழுந்தான். அவன் முகத்தில் இருந்தது சுத்தமான கோபம். "அப்போ எங்க மார்க்கு டீச்சர்?"

ஆய்வாளர் பதிவேட்டைத் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்தார். புதிதாக எழுதினால் பழைய வரி அப்படியே நிற்கும். கடைசியில் 'தவிர அனைவரும்' என்ற இரண்டு சொற்களை ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பமிட்டார். 'புரிந்துகொண்டனர்' என்பதைப் 'புரிந்துகொண்டாள்' ஆக்கி இன்னொரு சுருக்கொப்பம். 'ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தப்பட' என்பதை அடித்து, மேலே 'ஆறாம் வகுப்புக்கு அனுப்பப்பட' என்று எழுதி மூன்றாவது. இப்போது பதிவேடு சொன்னது: ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி பத்தியை நன்கு புரிந்துகொண்டாள்.

"மத்த புள்ளைங்கய்யா?" என்று அய்யா பயந்துகொண்டே கேட்டார்.

"அவர்களும் போகட்டும். அவர்களை நிறுத்தினால் நம் இருவரையும் நிறுத்த வேண்டும்."

போகும்போது கதைப் புத்தகங்களைப் பீரோவுக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்றும் ஒரு வரி எழுதினார். மறுநாள் அய்யா ஆட்களை வைத்து அந்தப் பீரோவையே தாழ்வாரத்துக்கு நகர்த்தினார், பூட்டோடு. இரண்டு வாரம் கழித்துப் பூட்டும் திறந்தது. என் மேல் அவர் கோபப்பட்டதாக டைரியில் இல்லை. ஒரே ஒரு முறை சொன்னார்: "டீச்சரம்மா, இனிமே அப்டி எதனா எழுதினா ஓரமா 'அர்த்தம் இல்லை'ன்னு சின்னதா போட்டுடுங்க."

ஏப்ரல் கடைசியில் பட்டியல் ஒட்டினோம். காதர் பாய் வந்து விரல் வைத்துத் தேடி, மகளின் பெயரை அவளையே இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "பாஸுதானே டீச்சர்? இதுல ஒண்ணும் மடிப்பு இல்லியே?" என்றார். ஜூனில், சொன்னபடி கையைப் பிடித்து அழைத்துப்போய் பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தார்.

ஜூலையில் ஒரு மாலை, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்புத் தமிழாசிரியை ருக்மணி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பொண்ணா பாத்து அனுப்பினீங்க! ஒரு பாடம் ஆரம்பிச்சு ஆறு நாள் ஆவுது, மொதல் பத்தியத் தாண்டல. எத எடுத்தாலும் அப்டின்னா இன்னா டீச்சர், இப்டின்னா இன்னா டீச்சர். நேத்து நாப்பது புள்ளைங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெச்சிட்டா."

"சொன்னீங்களா?"

"வேற வழி? சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, இன்னும் நாலு பேரு எழுந்து நிக்குதுங்க. எங்களுக்கும் புரியல டீச்சர்ன்னு."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய்தான் கேட்டது.